சலதாரை வழியே வந்த விருந்தாளி

எங்கள் செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றமான வளவின் மூலையில் மழைநீர் வெளியேறுவதற்கான சலதாரை ஒன்று உண்டு. ஆத்தாவுக்குத் துணையாக நான் சென்னையை விட்டு வந்த முதல் ஐப்பசியில், அந்தத் துவாரத்தின் வழியே ஆறடிக்குக் குறையாத சாரைப் பாம்பு ஒன்று தலையை நீட்டி, ஈரக் கல்லின் மேல் அவசரமில்லாமல் ஊர்ந்து, நெல் மூட்டைகள் அடுக்கியிருந்த அறைப் பக்கம் போனது. நான் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். உரித்த வெங்காயத்தைக் கீழே வைக்காமலே ஆத்தா, "சாரைதான்டா, எலிக்கு வந்திருக்கு. நீ வழிய மறிக்காம இங்கிட்டு வா" என்றார்.

ஆத்தா சொன்னதில் விஷயம் அனைத்தும் அடங்கியிருந்தது. நெல்லுக்கு எலி வருகிறது, எலிக்குப் பாம்பு வருகிறது. பூண்டை நசுக்கி வைப்பதும் பினாயில் தெளிப்பதும் நம் மனத்துக்குத்தான் ஆறுதல். பாம்பு அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. நெல்லைத் தகர டிரம்களுக்கு மாற்றினேன், பின்கட்டுச் சுவரோரம் கிடந்த விறகைக் கிணற்றடிக்கு அப்பால் அடுக்கினேன், சலதாரைக்குக் கம்பி வலை போட்டேன். இந்த மூன்று வேலைக்கும் ஒரு நாளுக்கு மேல் ஆகவில்லை.

சாரைக்கு விஷம் இல்லை. நான் உண்மையில் அஞ்சுவது கட்டுவிரியனுக்கு. இரவில் நடமாடும் அந்தப் பாம்பு தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். பல நேரங்களில் வலியோ வீக்கமோ தெரியாது, விடியும்போது வயிற்று வலியும் கண்ணிமைத் தொய்வும்தான் தெரியும். ஆகவே பட்டாலைத் திண்ணையில் காற்று எவ்வளவு சுகமாக இருந்தாலும், கட்டிலில், கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிக்கொண்டு படுப்பது எங்கள் வீட்டில் சட்டமாகிவிட்டது. கடித்துவிட்டால் கயிறு கட்டுவதும் கீறிவிடுவதும் கூடாது. கை காலை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே போடும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் பொதுவானது. அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருவதில், 1978ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பழங்குடிப் பாம்புபிடிப்பவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்குண்டு.

குரங்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முற்றத்துக்கு மேல் இரும்புக் கம்பி போட்ட வீடுகளைப் பார்த்தாலே புரியும். மயில் விஷயத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். விதைத்த கடலையைக் காலால் சீய்த்துத் தின்றுவிட்டுப் போகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது என்பது ஒருபுறம் இருக்க, மயில் வடிவ மலை என்று சொல்லப்படும் குன்றக்குடிக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு முருகனின் வாகனத்தின் மேல் யார் கல்லெறிவார்கள்? விதைத்த முதல் பத்து நாள் விடியற்காலையில் வயலுக்குப் போய் நிற்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இப்படி உயிர்களோடு அனுசரித்துப் போவதில் எங்களையெல்லாம் மிஞ்சியவர்கள் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரை அடுத்த கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள். அந்தப் பகுதியின் மூன்று கண்மாய்கள் சேர்ந்த 38.4 ஹெக்டேர், 1977இல் வேட்டங்குடி பறவைகள் சரணாலயமானது. மழைக்காலத்தில் அங்கே கூடு கட்ட வரும் நத்தைகுத்தி நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் வக்காக்களும் வெருண்டு போய்விடக் கூடாது என்பதற்காக, அவர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. இதில் வெறும் கருணை மட்டுமே இருப்பதாக நான் நினைக்கவில்லை. எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது, நாரை வயலில் இறங்கி நத்தையைப் பொறுக்குகிறது. கணக்குப் பார்த்தாலும் அவர்களுக்கு நட்டமில்லை. ஆனால் ஊர்ப் பிள்ளைகள் ஒரு மத்தாப்போடு தீபாவளியை முடித்துக்கொள்வதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

எங்கள் சாரை இந்த ஆண்டும் வந்தது. கம்பி வலையில் மூக்கை வைத்துச் சற்று நேரம் பார்த்துவிட்டு, திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் பக்கத்து வீட்டுச் சுவரோரமாகத் திரும்பிப் போனது. அங்கே எலிக்குக் குறைவில்லை.