நப்தலீன் உருண்டையும் கந்தகவீரொட்சைட்டும்

கிளிநொச்சியில், ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே வயலோரமாக வைக்கப்பட்டிருந்த ஒரு கண்காணிப்புக் கூண்டில், காற்றின் தரத்தை அளக்கும் கருவிகளைச் சில காலம் பராமரித்து வந்தேன். அவற்றுள் என்னை அதிகம் அலைக்கழித்தது, கந்தகவீரொட்சைட்டு (SO₂) என்ற வாயுவை அளக்கும் கழியூதாப் புளோரொளிர்வுப் பகுப்பாய்வி. அந்தச் சுற்றுவட்டத்தில் அந்த வாயு வருவதென்றால் பெரும்பாலும் டீசல் புகையிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே திரையில் பில்லியனில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் நிற்பது அபூர்வம்.

கருவி வாயுவை நேரே பார்ப்பதில்லை. அது பார்ப்பது வெளிச்சத்தை. நாக (துத்தநாக) ஆவி விளக்கின் ஒளியிலிருந்து 214 நனோமீற்றர் அலைநீளத்தை வடிகட்டி அறைக்குள் விட, அதை உறிஞ்சி அருட்டப்பட்ட கந்தகவீரொட்சைட்டு மூலக்கூறு, பழைய நிலைக்குத் திரும்பும்போது 330 நனோமீற்றரை அண்டிய ஒளியை உமிழ்கிறது. விளக்கின் கதிர் நேரே வந்து விழாதபடி செங்கோணத்தில் பொருத்திய ஒளிப்பெருக்கிக் குழாய் அந்த மெல்லிய ஒளியை எண்ணுகிறது. இடையிடையே ஒரு மூடி விழுந்து ஒளியை மறைக்கும். அப்போதும் குழாய் காட்டுகிற சிறு மின்னோட்டம் பின்னர் கழிக்கப்படும். குறை ஒன்றுதான்: நப்தலீன், சைலீன் போன்ற அரோமற்றிக் ஐதரோகாபன்களும் அதே ஒளியில் ஒளிரும். அவற்றை அகற்றவென்று, சுவரினூடாக ஐதரோகாபன்களை மட்டும் வெளியே கசியவிடும் ஒரு நீண்ட மெல்லிய குழாய் உள்ளே இருக்கிறது. எங்களுடையது வயதானது.

ஒரு சோளகக் காலத்தில், மத்தியானம் மின்சாரம் நின்றால் அளவீடு மெல்ல மெல்ல ஏறிப் பத்தை எட்டத் தொடங்கியது. மின்பிறப்பாக்கியின் புகைதான் என்று நினைத்து அதைத் தள்ளி வைத்தோம். பிறகொரு நாள் டீசல் தீர்ந்து அது ஓடவேயில்லை, கருவி யு.பி.எஸ்.இல் ஓடியது; அன்றும் எண் ஏறியது. கருவியின் பின்புறத் துளை வழியாகத் தூய காற்றைக் கொடுத்தேன்: பூச்சியம். கூரைக்கு மேலுள்ள உறிஞ்சு வாயில் வழியாகக் கொடுத்தேன்: ஏழு. ஆகவே பிழை இடைப்பட்ட ரெப்லோன் குழாயில்தான் இருக்கவேண்டும். விரலால் தடவிக்கொண்டு வந்தபோது, மேசைக்குப் பின்னாலிருந்த இணைப்பின் சுரை அரைச்சுற்றுத் தளர்ந்திருந்தது. பம்பி இழுக்க, கூண்டின் உட்காற்றும் சேர்ந்து போயிருக்கிறது.

சரி, உட்காற்றில் என்ன இருந்தது? லாச்சியைத் திறந்ததும் மணம் முகத்தில் அடித்தது. பதிவேடுகளைப் பூச்சி அரிக்கிறதென்று உதவியாளத் தம்பி நப்தலீன் உருண்டைகளைப் பரப்பி வைத்திருந்தான். மின்சாரம் போனால் ஏசி நிற்கும், கூண்டு தகிக்கும், உருண்டை வேகமாக ஆவியாகும். வயதான அகற்றும் குழாயால் அவ்வளவையும் தடுக்க முடியவில்லை.

பத்து என்பது மீற்றர் கனத்துக்கு ஏறத்தாழ 26 மைக்கிரோகிராம். 2008ஆம் ஆண்டின் இலங்கை நியமம் ஒரு மணிநேரத்துக்கு 200 வரை அனுமதிக்கிறது. யாரும் கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். என்னை உறுத்தியது அதுதான். எல்லையை மீறும் எண்ணை எல்லோரும் சோதிப்பார்கள். எல்லைக்குள் நிற்கும் பொய் நேரே ஆண்டுச் சராசரிக்குள் போய்விடும். அந்த மூன்று கிழமைத் தரவுகளையும் செல்லாதவை என்று குறித்தோம். சுரையை இறுக்கி, அகற்றும் குழாயையும் மாற்றினோம்.

அடுத்த முறை போனபோது லாச்சிக்குள் காய்ந்த வேப்பிலை கிடந்தது. “அண்ணை, இது பரவாயில்லைத்தானே?” என்று தம்பி கேட்டான். பதில் சொல்வதற்கு முன், ஒரு பிடி இலையைக் கசக்கி உறிஞ்சு வாயிலருகே பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்துச் சொல்லும்படி அவனை உள்ளே அனுப்பினேன்.