மெனோரா ஏற்றமும் சீராப் தண்ணியும்

தைப்பிங்கில் அக்கா வீட்டில் ஓர் இரவு தங்கிவிட்டு, காலையில் அம்மாவையும் அக்கா பிள்ளைகள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குக் கிளம்பினேன். கோலகங்சார் தாண்டி, மெனோரா சுரங்கத்துக்கு முந்தின ஏற்றம். லோரி ஒன்று இடது தடத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. கியரை இறக்கி மிதித்து முந்தினேன். முந்தி முடிப்பதற்குள் ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. ஓரங்கட்டி போனட்டைத் தூக்கினால், ரேடியேட்டர் பக்கத்திலிருக்கிற தண்ணி போத்தல் குடுகுடுவென்று கொதிக்கிறது. மூடியைத் திறக்கக் கூடாது என்கிற அறிவு மட்டும் இருந்தது. முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “பழைய இஞ்சினுக்கு என்னடா கொறச்சல்?”

பழைய இஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. என் காடி, அதாவது கார், ப்ரோட்டோன் வீரா 1.5. பழைய ஜப்பான் காடிகளைப் பாதியாக வெட்டி விற்கிற ஹாஃப்-கட் கடையிலிருந்து மிட்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆரின் 4ஜி93 டர்போ இஞ்சினை வாங்கி மாற்றினேன். வீராவின் உடம்பே லான்சர் உடம்பு என்பதால் பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் உட்கார்ந்துவிடும். 1,834 சிசி, கம்பெனிக் கணக்கில் 195 குதிரைத்திறன். பழையது ஏறக்குறைய 90. புஸ்பாகோம் வாகனச் சோதனை, ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்து இலாகா, கிராண்டில் (காடிப் பதிவுப் பத்திரத்தில்) இஞ்சின் எண் மாற்றம் எல்லாம் முறையாக முடித்தாயிற்று. அந்த அலைச்சலை எழுதினால் தனிப் புராணம். இஞ்சினுக்கு இவ்வளவு பார்த்தவன் ரேடியேட்டரைப் பார்க்கவில்லை. 1.5-க்கு வந்த அதே மெல்லிய ரேடியேட்டர். அதற்கு முன்னால் ஏர்கோன் கண்டென்சர், அதற்கும் முன்னால், டர்போ அமுக்கி அனுப்புகிற காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலர். மூன்று போர்வை போர்த்திக்கொண்டு மூச்சு விடச் சொன்ன மாதிரி.

சுங்கை சிப்புட்டில் வீட்டுக்கு வந்த மறுவாரமே, யாரையும் கேட்காமல் 480 வெள்ளிக்கு (ரிங்கிட்)த் தடித்த அலுமினிய ரேடியேட்டர் ஒன்று வாங்கினேன். தடிமன் கூடியதால் பழைய ஃபேனும் அதைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் கூடும் டர்போவில் இடித்தன. கூட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, 12 அங்குல மெல்லிய ஃபேன் ஒன்றை நேராக ரேடியேட்டரோடு வைத்துக் கட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூடியையும் மாற்றினேன், பழைய மூடியின் ரப்பர் கல்லாகிப் போயிருந்தது. 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற நல்ல மூடி இருந்தால் வெறும் தண்ணியே 119 டிகிரி வரை கொதிக்காது. என் மூடி பிடிக்கவில்லை, அதனால்தான் அன்று அவ்வளவு சீக்கிரம் கொதித்தது. இருபது வெள்ளிச் சாமான்.

பலன்? ஏற்றத்தில் அதே சூடு. அதோடு, முன்னே இல்லாத புது வியாதி ஒன்று: பசார் பக்கம் சிக்னலில் நின்றாலும் சூடு ஏறியது.

என் பெரியப்பா தோட்டத்து ரப்பர் ஆலையில் முப்பது வருசம் இஞ்சின் அறையில் இருந்தவர். லயத்து வீடுகளை இடித்துச் செம்பனை போட்ட பிறகு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்துவிட்டார். போனட்டைத் திறந்து காட்டினேன். எதையும் தொடவில்லை. “தண்ணிய அப்பறம் பாக்கலாம்டா. மொதல்ல காத்து எங்க பூருது, எங்க போவுதுன்னு பாரு” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. 480 வெள்ளி போட்டவனிடம் சொல்கிற பேச்சா?

காற்றைப் பார்ப்பதற்கு முன்னால் அளவுகோலைப் பார்க்க வேண்டியதாயிற்று. காடியோடு வந்த ஊசி பாதியில் நிற்கும், பிறகு ஒரேயடியாகத் தாவும். அதை நம்பி வேலை செய்ய முடியாது. மேல் ஹோஸை வெட்டி, நடுவில் உலோகத் துண்டு ஒன்றைச் செருகி, அதில் சென்சார் திருகி, எண் காட்டும் கேஜ் மாட்டியிருந்தேன். அந்த கேஜ் என்னை ரொம்ப நாள் சந்தோசப்படுத்தியது. ஃபேன் ஓட ஆரம்பித்த அதே நொடியில் 101 என்பது 95 ஆகிவிடும். என்ன அருமையான ஃபேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது: ஐந்தாறு லிட்டர் தண்ணி ஒரே நொடியில் ஆறு டிகிரி ஆறுமா?

உலோகத் துண்டுக்கு இரண்டு பக்கமும் ரப்பர் ஹோஸ். ஆகவே சென்சாருக்கு எர்த் தனியாகக் கொடுக்க வேண்டும். நான் கொடுத்திருந்தது ஃபேனின் எர்த் வயர் மாட்டிய அதே போல்ட்டில், அதுவும் பெயின்ட்டுக்கு மேலே. ஃபேனை ஓடவிட்டு, அந்த போல்ட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தேன். 0.38 வோல்ட். சும்மா இருக்கும்போது சுழியம். இந்த வகைச் சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். எர்த்தில் வோல்ட் ஏறினால், தடை கூடிவிட்டது, ஆகவே குளிர்ந்துவிட்டது என்று கேஜ் எடுத்துக்கொள்ளும். ஃபேன் குளிரவைக்கவில்லை, கேஜை ஏமாற்றியது. சென்சார் எர்த்தை கேஜின் எர்த்தோடு சேர்த்து இழுத்துவிட்டு, மறுபடி மெனோரா போனேன். இங்கிருந்து பழைய ரோட்டில் கோலகங்சார், அங்கே நெடுஞ்சாலை ஏறி ஏற்றம், சுரங்கம், ஜெலப்பாங் இறக்கம், செம்மோர் வழியாக வீடு. இதுதான் என் சோதனைச் சுற்று. ஏற்றத்தின் உச்சியில் உண்மையான எண் தெரிந்தது: 113.

அதைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. இஞ்சின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்குமோ? ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சிப் பார்க்கிற நீல மருந்தை வாங்கி வந்தேன். இஞ்சினுக்குள் எரிந்த புகை தண்ணியில் கலந்திருந்தால் மருந்து மஞ்சளாகும். கால் மணி நேரம் நீலமாகவே இருந்தது. நிம்மதி.

அடுத்தது தெர்மோஸ்டாட், தண்ணி சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடுகிற வால்வு. ஹவுசிங்கைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. இஞ்சின் ஏற்றிய பட்டறையில் தூக்கி எறிந்திருக்கிறார்கள். ‘நம்ம ஊர் வெயிலுக்கு அது வேண்டாம்’ என்பது இங்கே பாதிப் பட்டறைகளில் வேதவாக்கு. விளைவு என்னவென்றால், ராத்திரி நெடுஞ்சாலையில் சமதளத்தில் 70 டிகிரிக்கு மேல் ஏறுவதே இல்லை. இஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று, இஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈசியு பெட்ரோலை அள்ளிக் கொட்டும். பிளக்கெல்லாம் கரி. 82 டிகிரியில் திறக்கிற புது தெர்மோஸ்டாட் வாங்கி, நம்பாமல், அம்மாவின் ரசச் சட்டியில் தண்ணி வைத்து நூலில் கட்டித் தொங்கவிட்டேன். தெர்மோமீட்டர் 83 காட்டும்போது வாய் பிளக்கத் தொடங்கியது, 95-க்கு முழுக்கத் திறந்தது. ரசச் சட்டிக்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுத முடியாது. போட்ட பிறகு சமதளத்தில் 85-இல் அசையாமல் நிற்கிறது. ஏற்றத்துக்கு இது மருந்தில்லை. 113 அப்படியேதான் இருந்தது. கூலன்ட் 30 பங்கு, சுத்திகரித்த தண்ணி 70 பங்கு. நமக்குப் பனி உறையப் போவதில்லை, துரு பிடிக்காமல் இருந்தால் போதும். சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணிதான் கெட்டி.

பிறகுதான் பெரியப்பா சொன்னதற்கு வந்தேன். காடியை நிறுத்தி, ஃபேனை ஓடவிட்டு, நாளிதழைக் கையகலத் துண்டுகளாகக் கிழித்து, இன்டர்கூலரைக் கழற்றிவிட்டு முன்பக்கமாக ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தேன். ஃபேனுக்கு நேர் எதிரே வைத்த துண்டுகள் பல்லிபோல ஒட்டிக்கொண்டன. அந்த வட்டத்துக்கு ஒரு விரல் வெளியே வைத்ததெல்லாம் பொத்தென்று விழுந்தது. ஃபேன் வட்டம் ஏறக்குறைய 730 சதுர சென்டிமீட்டர். ரேடியேட்டர் முகம் அளந்தால் 2,200-க்கு மேல். மூன்றில் இரண்டு பங்கு சும்மா நிற்கிறது. நான் ஆணியில் மாட்டிய அந்தப் பிளாஸ்டிக் கூடு அலங்காரத்துக்கு இருந்ததில்லை.

மைலோ பெட்டி அட்டையில் அச்சு வெட்டி, அலுமினியத் தகட்டில் ஒரு கூடு செய்தேன். வேகமாகப் போகும்போது அந்தக் கூடே காற்றை மறிக்கக் கூடாது என்று நான்கு சதுர ஓட்டை போட்டு, மோட்டோ டியூப் ரப்பரை மேல்விளிம்பில் மட்டும் ஒட்டிக் கதவாக்கினேன். நிற்கும்போது ஃபேன் இழுப்பில் மூடிக்கொள்ளும், ஓடும்போது காற்று தள்ளித் திறக்கும். மூன்று ஞாயிற்றுக்கிழமை, விரலில் இரண்டு வெட்டு. மறுநாள் பசாரில் அரை மணி நேரம் ஊர்ந்தேன்: 93-க்கு ஃபேன் போடுகிறது, 88-க்கு நிற்கிறது. ஊருக்குள் தீர்ந்தது.

ஏற்றத்தில் 109.

அங்கே ஃபேனுக்கு வேலை குறைவு. ஓடுகிற காற்றே போதும், ரேடியேட்டருக்குள் போனால். போகிறதா என்று எப்படித் தெரியும்? மீன்தொட்டிக் குழாய் இரண்டு வாங்கி, ஒன்றின் வாயைக் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலும், மற்றதை ரேடியேட்டருக்குப் பின்னாலும் கட்டி, ஜன்னல் வழியே உள்ளே இழுத்தேன். மறுமுனைகளைச் சேர்த்து ‘ப’ எழுத்து மாதிரி வளைத்து, ரூலரோடு பலகையில் ஒட்டி, பாதிக்குச் சீராப் (சிவப்புச் சர்பத்) தண்ணி ஊற்றினேன். சிவப்பாக நன்றாகத் தெரியும். முன்னால் அழுத்தம் கூடினால் அந்தப் பக்கம் தண்ணி இறங்கும், இந்தப் பக்கம் ஏறும். வித்தியாசம்தான் ரேடியேட்டர் வழியே காற்றைத் தள்ளுகிற பலம். 90 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று முழுசாகக் கிடைத்தாலும் 38 மில்லிமீட்டருக்கு மேல் ஏறாது. எனக்கு எவ்வளவு கிடைக்கிறது?

நண்பன் மடியில் பலகையை வைத்துக்கொண்டான். “மச்சான், ஏழு. ஏழேதான் இருக்கு. சட்டை நாசமாப் போச்சு.”

போனட்டின் பின்பக்கம் வாஷர் போட்டு ஒரு விரல் தூக்கியிருந்தேன். சூடு வெளியே போகட்டும் என்று இங்கே எல்லாப் பையன்களும் செய்வதுதான். ஆனால் முன் கண்ணாடியின் அடியில் காற்று மோதி நிற்கிற இடம் அது. ஓடும்போது சூடு வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே புகுந்து ரேடியேட்டருக்குப் பின்னால் முட்டுக்கட்டை போடும். வாஷரை உருவினேன்: 12. இஞ்சின் மாற்றும்போது தூக்கிப்போட்ட அடித்தட்டுக்குப் பதிலாக ஒரு தகடு வெட்டி பம்பருக்குக் கீழே கட்டினேன்: 17. இன்டர்கூலரின் இரண்டு பக்கமும் கை நுழைகிற இடைவெளி. அத்தனை காற்றும் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடுகிறது. பழைய மெத்தை ஸ்பஞ்சும் தகடும் வைத்து அடைத்தேன்: 25. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டியதால்தான் எது எவ்வளவு என்று தெரிந்தது.

அம்மா, அக்கா பிள்ளைகள், ஏர்கோன் எல்லாவற்றோடும் மெனோரா ஏறினேன். 97.

பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். சந்தோசப்பட்டார். அப்புறம், பால் விடாத தேத்தண்ணியான தே ஓவை ஆற்றிக்கொண்டே, “பழைய ரேடியேட்டர மாட்டி ஏறிப் பாத்தியா?” என்றார். பார்க்கவில்லை. பார்க்க மனசும் இல்லை. இருந்தாலும் அடுத்த ஞாயிறு கோழிக்கூண்டில் சாய்ந்திருந்ததைக் கழுவி, ஆணியிலிருந்த பிளாஸ்டிக் கூட்டோடும் பழைய ஃபேனோடும் மாட்டி, அதே ஆட்களோடு அதே ஏற்றம் ஏறினேன்.

100. மூன்று டிகிரிதான் வித்தியாசம்.

இப்போது காடியில் ஓடுவது பழசுதான். தடித்தது என் அலுமினியக் கூட்டோடு சேர்ந்து வீட்டில் கிடக்கிறது. 300 வெள்ளிக்கு யாராவது எடுத்துக்கொண்டால் அம்மாவுக்கு நல்ல ரசச் சட்டி ஒன்று வாங்க வேண்டியிருக்கிறது.