மணிக்கு எந்தக் காடு?

ஜூலை மாதம் முழுக்க எங்கள் சாப்பாட்டு மேஜையில் மூன்று மாநிலங்களின் வரைபடம் விரிந்தே கிடந்தது. தட்டு வைக்க இடமில்லை. ஒரு நாள் என் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "ஏங்க, நாயைக் கூட்டிக்கிட்டு நாலு நாள் போறதுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? நம்ம ஹனிமூனுக்கு இதில் பாதி கூட நீங்க யோசிக்கலையே." பதில் சொல்ல முடியவில்லை, உண்மை அது.

மணி எங்கள் வீட்டு ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர், பறவையின் வாசனை பிடித்ததும் பாயாமல் உறைந்து நின்று காட்ட வேண்டிய வேட்டை நாய் இனம். கல்லீரல் நிறம், மார்பில் வெள்ளைப் புள்ளிகள், ஓட ஆரம்பித்தால் நிற்கத் தெரியாத கால்கள். அக்டோபரில் அவனுக்குப் பதினாலு மாதம். அவனுடைய முதல் உண்மையான வேட்டைப் பருவம் இது. சிகாகோ புறநகரில் இருந்துகொண்டு, தனியார் நிலமோ தெரிந்த விவசாயியோ இல்லாத என்னைப் போன்ற ஆள் எங்கே போவான்? பொது நிலத்துக்குத்தான். இந்த நாட்டில் எனக்கு மிகப் பிடித்த விஷயங்களில் இது ஒன்று. தேசியக் காடுகள் மட்டுமே சுமார் 19.3 கோடி ஏக்கர், நில மேலாண்மைத் துறையின் கையில் இன்னும் 24.5 கோடி ஏக்கர். பெரும்பாலான இடங்களில் உரிமம் எடுத்துக்கொண்டு, விதிகளைப் படித்துவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கி நடக்கலாம். யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

அம்மாவிடம் போனில் சொன்னபோது, "பாவம்டா அந்தக் குருவிங்க, உனக்குக் கடையில கறி கிடைக்கலையா?" என்றாள். அது தனி விவாதம், இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இந்த ஆராய்ச்சிக்கு ஒரு காரணம் இருக்கிறது. போன மார்ச்சில், மணிக்கு ஏழு மாதம் ஆனபோது, காசு கட்டினால் வளர்ப்புப் பறவைகளை விட்டுத் தரும் ஒரு இடத்துக்கு அவனைக் கூட்டிப் போனேன். நான் செய்த முட்டாள்தனம் என்றுதான் சொல்ல வேண்டும், அங்கே இருந்தவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆறு துப்பாக்கிகள் வரிசையாக நின்றன, பெசன்ட் என்ற கோழி மாதிரிப் பறவை ஒன்று எழுந்தது, ஆறும் ஒரே நேரத்தில் வெடித்தன. மணி வாலைக் கால்களுக்கு நடுவே சுருட்டிக்கொண்டு ஓடிப்போய் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டான். அரை மணி நேரம் ஈரத் தரையில் நானும் வயிற்றில் படுத்து அவனைக் கொஞ்சிக் கொஞ்சி வெளியே எடுத்தேன். அதைச் சரி செய்ய ஐந்து மாதம் ஆனது. அவன் சாப்பிடும்போது நூறு கஜம் தள்ளி நின்று பொம்மைத் துப்பாக்கியில் ஒரு சின்ன வெடி, அவன் தலை தூக்கவில்லை என்றால் மறுநாள் தொண்ணூறு கஜம், தூக்கினால் மறுபடி நூற்றிருபது. ஆகவே இந்த முறை பயணத்தை எனக்காக இல்லை, அவனுக்காகத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். பையில் எத்தனை பறவை என்பது கணக்கில்லை. ஒரு மணி நேரத்தில் அவன் மூக்குக்கு எத்தனை பறவை கிடைக்கும், அவை அவனை மன்னித்து அசையாமல் உட்காருமா, சுற்றிலும் எத்தனை துப்பாக்கி, எவ்வளவு வெயில். இவ்வளவுதான்.

முதல் அழைப்பு தெற்கு டகோட்டாவிலிருந்து. அதாவது அங்கே வருடா வருடம் போகும் நண்பனிடமிருந்து. "மச்சான், அக்டோபர் மூணாவது சனிக்கிழமை பெசன்ட் ஓப்பனிங், நாயைத் தூக்கிப் போட்டுக்கிட்டு வா, அது தானா கத்துக்கும்." தானாகக் கற்றுக்கொள்ளும் என்பதுதான் என் பயமே. பெசன்ட் சேவல் நடந்தே தப்பிக்கிற பறவை. நாய் வாசனை பிடித்து உறைந்து நிற்கும்போது அது கோரைக்குள் ஓடி ஐம்பது கஜம் தாண்டியிருக்கும். நாய் பார்க்கிறது, நான் நின்றேன், ஒன்றும் இல்லை, சரி ஊர்ந்து போவோம். பத்து முறை இப்படி நடந்தால் அந்த நாய்க்கு நிற்பது என்பதே மறந்துவிடும். அனுபவமுள்ள நாய் அதைச் சமாளிக்கும், சின்னப் பையன் சமாளிக்க மாட்டான். போதாததற்கு, வெளி மாநிலத்துக்காரர்களுக்குப் பருவம் தொடங்கும் முன்பே பொது நிலத்தில் அந்த மாநிலத்தவர்களுக்கு மட்டும் மூன்று நாள் கொடுத்துவிடுகிறார்கள், நாம் போவதற்குள் சேவல்கள் எல்லாப் பாடமும் படித்திருக்கும். அப்புறம் ஓப்பனிங் வாரத்தில் கோரைப் புதருக்கு இரண்டு பக்கமும் வரிசை கட்டி நிற்கும் துப்பாக்கிகள். மார்ச் மாதம் நினைவுக்கு வந்தது. நண்பனிடம் அடுத்த வருஷம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாவது யோசனையும் அதே மாநிலம்தான், ஆனால் ஒரு மாதம் முன்னதாக. ஃபோர்ட் பியர் தேசியப் புல்வெளி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏக்கர், ஷார்ப்டெயில் க்ரவுஸ், ப்ரேரி சிக்கன் என்ற காட்டுக்கோழி மாதிரிப் பறவைகள் இருக்கும் இடம். காகிதத்தில் பார்த்தால் இளம் நாய்க்கு இதைவிட நல்ல இடம் இல்லை. செப்டம்பரில் அந்த வருடத்துக் குஞ்சுகள் கூட்டமாக இருக்கும், நாய்க்கு அடங்கி உட்காரும், திறந்த வெளி ஆனதால் முந்நூறு கஜத்திலும் நாயைக் கண்ணால் பார்க்கலாம், அது தப்பு செய்தால் தெரியும். மோட்டலுக்கு முன்பணம் கட்ட அட்டையைக் கூட எடுத்துவிட்டேன்.

வெயில் தடுத்தது. அங்கே செப்டம்பர் நடுவிலும் தொண்ணூறு டிகிரி ஃபாரன்ஹீட் அடிக்கும், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, தண்ணீர் முழுவதும் நம் முதுகில். நாய்க்கு நமக்கு மாதிரி வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அதன் இயல்பான உடல் வெப்பம் 38.3லிருந்து 39.2 செல்சியஸ், 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். வயது வந்த நாய் களைத்தால் வேகத்தைக் குறைக்கும். மணி குறைக்க மாட்டான், விழும் வரை ஓடுவான், அவன் சுபாவம் எனக்குத் தெரியும். விரியன் இனத்துப் பாம்பும் உண்டு, ராட்டில்ஸ்நேக், புது வாசனை என்றால் மூக்கை நுழைத்துப் பார்க்கும் பையனுக்கு அது நல்லதில்லை. இன்னொன்று, அந்தப் புல்வெளியில் ஒரு கூட்டத்தைக் கண்டுபிடிக்க ஆறேழு மைல் நடக்க நேரலாம். பன்னிரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் ஒரு நாளைக்கு இரண்டு சந்திப்பு என்றால் அவன் ஓட்டத்தைத்தான் கற்பான், பறவையை இல்லை.

கடைசியில் விஸ்கான்சினின் வடக்கு. பார்க் ஃபால்ஸ் பக்கம். அந்த ஊர் தன்னை உலக ரஃப்டு க்ரவுஸ் தலைநகரம் என்று சொல்லிக்கொள்கிறது, ஆனால் நான் போனது க்ரவுஸுக்காக இல்லை. வுட்காக். நம் ஊர் உள்ளான் குடும்பம்தான் அது. உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, காய்ந்த இலையின் நிறம், முகத்தில் பாதி மூக்கு, அந்த நீள மூக்கை ஈர மண்ணில் குத்தி மண்புழு தின்னும். அதற்குத் தன் நிறத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை, நாய் இரண்டடியில் வந்து நின்றாலும் அசையாது. இளம் பாயிண்டருக்கு இதைவிடப் பொறுமையான வாத்தியார் கிடையாது. அக்டோபர் நடுவில் கனடாப் பக்கமிருந்து இரவில் கீழிறங்கி வருகின்றன, வடக்குக் காற்று அடித்த மறுநாள் காலையில் நேற்று காலியாக இருந்த புதர் நிறைந்திருக்கும். அந்த நேரத்தில் குளிரும் சரியாக இருக்கும், இலையும் பெரும்பாலும் உதிர்ந்திருக்கும், வழியெங்கும் ஓடையும் குட்டையும்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. ஷெக்வாமெகன்-நிக்கோலே தேசியக் காடு மட்டும் சுமார் 15 லட்சம் ஏக்கர், மாவட்டக் காடுகள் மாநிலம் முழுக்கச் சேர்த்து சுமார் 24 லட்சம். பிரச்சினை எதிர்ப்பக்கம்: இவ்வளவில் எங்கே இறங்குவது? வெட்டி ஐந்திலிருந்து இருபது வருடம் ஆன ஆஸ்பென் தோப்பு வேண்டும், மணிக்கட்டு அளவு தண்டுகள் நெருக்கமாக நிற்பது, அதன் பள்ளத்தில் ஆல்டர் புதர். முதிர்ந்த பெரிய காடு பார்க்க அழகு, பறவை இருக்காது. மாநில இயற்கை வளத் துறை இதற்கென்றே எஃப்-ஃப்ளைட் என்று ஒரு இணைய வரைபடம் வைத்திருக்கிறது, இளம் ஆஸ்பெனும் ஆல்டரும் எங்கே என்று நிறம் போட்டுக் காட்டும், இலவசம். மேஜையில் கிடந்த காகிதத்தை மடித்து வைத்துவிட்டு அதில் பதினெட்டுப் புள்ளிகள் குறித்தேன், போய்ப் பார்த்ததில் ஐந்துதான் தேறின.

தேதி பார்க்கும்போது ஒரு சிக்கல் வந்தது. கொலம்பஸ் தினத்தை (அக்டோபர் இரண்டாவது திங்கள்) ஒட்டிய வார இறுதியில் அங்கே சிறுவர்களுக்கான மான் வேட்டை, அப்போது காட்டுக்குள் துப்பாக்கியோடு நிறையப் பேர், நாமும் பளீர் ஆரஞ்சு போட்டே ஆக வேண்டும். அதைத் தாண்டி அடுத்த திங்கள் முதல் வியாழன் வரை விடுப்பு போட்டேன். உரிமம் விஷயத்தில் மூன்று கவனிக்க வேண்டும். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் காட்ட வேண்டும். வுட்காக் வலசைப் பறவை என்பதால் ஹெச்ஐபி (வலசைப் பறவை வேட்டைக் கணக்கெடுப்பு) பதிவு தேவை, வாத்து வேட்டைக்காரர்கள் வாங்கும் ஸ்டாம்ப் தேவையில்லை. துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பு போட வேண்டும். விசாவில் இருக்கும் நண்பர்கள் இன்னொன்றும் கவனியுங்கள்: குடியேறாத விசாக்காரர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. என் பேச்சை நம்பி இறங்காமல் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மணிக்கான பை என் பையைவிடப் பெரியது. முள்ளம்பன்றி முள் பிடுங்க ஃபோர்செப்ஸ், புண்ணுக்கு ஸ்டேப்ளர், உண்ணி மருந்து (அக்டோபரில் மான் உண்ணி ஓய்ந்திருக்கும் என்று நினைக்காதீர்கள், வளர்ந்த உண்ணிகள் அப்போதுதான் கிளம்பும்), ஒரு கயிறு. கயிறு எதற்கு என்றால், குளிர் காலம் நெருங்கும்போது பொறி வைப்பவர்களும் வந்துவிடுவார்கள், கழுத்தை நெரிக்கும் கானிபேர் பொறியில் நாய் மாட்டினால் திறக்க நிமிடக் கணக்குதான் நேரம், வெறும் கையால் அந்த ஸ்பிரிங்கை அமுக்க முடியாது. கராஜில் ஒரு பழைய பொறியை வைத்து, கயிறை வளையத்தில் விட்டுக் காலால் மிதித்து இழுத்து, கண்ணை மூடிக்கொண்டும் திறக்கும் வரை பழகினேன். கழுத்துப் பட்டையில் ஜிபிஎஸ், கூடவே பித்தளை மணி. மணிக்கு மணி கட்டியாயிற்று என்று மனைவியிடம் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை.

முதல் நாள் மோசம். க்ரவுஸ்தான் கிடைத்தது, அது நாய் மூச்சு விட்டாலே இடி மாதிரி எழுந்து போகும். மணி ஏழு பறவைகளை எழுப்பி விரட்டினான், நான் ஒன்றைக் கூடச் சுடவில்லை. அவன் நின்று காட்டாத பறவையைச் சுடுவதில்லை என்பது நான் எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். விரட்டினாலும் பரிசு உண்டு என்று அவன் ஒரு முறை கற்றுவிட்டால் அதை அழிக்க முடியாது. ஆனாலும் ஆறாவது க்ரவுஸ் என் தலைக்கு மேல் சாவகாசமாகப் போனபோது விரல் துடித்தது உண்மை.

இரண்டாம் நாள் இரவு காற்று திசை மாறி வடக்கிலிருந்து அடித்தது. காலையில் கூடாரத்துக்கு வெளியே தண்ணீர்ப் பாத்திரத்தில் மெல்லிய பனித்தகடு. ஓடையோரம் ஆல்டருக்குள் நுழைந்ததுமே தரையில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளை எச்சம், சேற்றில் பென்சில் குத்தினது போல் ஓட்டைகள். மணிச் சத்தம் இடது பக்கம் போயிற்று, வளைந்தது, திடீரென்று நின்றது. காட்டில் அந்த நிசப்தம் காதில் அடிக்கும். ஜிபிஎஸ் நாற்பது கஜம் என்றது. கிளைகளை விலக்கிக்கொண்டு போனால், ஒரு முன்னங்கால் தூக்கியபடி, உடம்பு வில்லாக வளைந்து, மூக்கு மட்டும் ஒரு பக்கம் திரும்பி நிற்கிறான். தொடை நடுங்குகிறது. அவன் மூக்குக்கு நேரே மூன்றடியில் வெறும் இலை. அரை நிமிடம் பார்த்த பிறகுதான் அந்த இலைக்குள் ஒரு கறுப்புக் கண் தெரிந்தது.

நான் ஓரடி வைத்தேன், சீழ்க்கை மாதிரி சிறகொலியோடு நேர் மேலே எழுந்தது, ஒரே வெடி, விழுந்தது. வெடித்ததும் பறவையைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தேன். வால் மேலேதான் இருந்தது. வண்டி எங்கே என்று தேடவில்லை.

"எடுத்துட்டு வாடா" என்றேன். பாய்ந்து போனான், வாயில் எடுத்தான், இரண்டடி வந்தான், முகத்தைச் சுளித்து, வேப்பங்காயைக் கடித்தவன் மாதிரி துப்பிவிட்டான். பல நாய்களுக்கு வுட்காக்கின் வாசனை பிடிக்காது என்று கேள்விப்பட்டிருந்தேன். மறுபடி சொன்னேன். பறவையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். நானே போய்க் குனிந்து எடுத்துக்கொண்டேன், அவன் அதற்குள் அடுத்த புதருக்குக் கிளம்பிவிட்டான்.