ஓட்டினது யார்?

மார்ச் 2, 2024, சனி

அலமாரியை ஒழித்தபோது அடித்தட்டில் ஒரு கேசட் கிடைத்தது. முதுகில் பென்சிலால் ‘மேடை 1997’, என் கையெழுத்து. எங்கள் ராக் பேண்டு ஏறின ஒரே மேடை அதில் இருக்கிறது. நான் கிட்டார். அப்புறம் ஒரு பேஸ் கிட்டார், ஒரு டிரம்ஸ், கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடின ஒருத்தன். யாரும் 17 வயதைத் தாண்டவில்லை.

அந்த மேடைக் கதையை இருபத்தேழு வருஷமாகச் சொல்லி வருகிறேன். முதல் பாட்டிலேயே டிரம்மர் பதற்றத்தில் ஓட்டிவிட்டான், அதாவது வேகத்தை ஏற்றிவிட்டான், கடைசியில் பாடகனுக்கு மூச்சு விட நேரமில்லை, நான்தான் எப்படியோ இழுத்துப் பிடித்தேன். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். டிரம்மரும்தான்.

மார்ச் 3, ஞாயிறு

கேசட் உடனே ஓடாது. டேப்பை, சத்தத்தைப் படிக்கிற ஹெட்டோடு அழுத்திப் பிடிக்க நடுவில் தம்மாத்துண்டு தகடும் அதன் மேல் ஒரு பஞ்சும் இருக்கும். பஞ்சு உதிர்ந்துவிட்டது. அது இல்லாமல் போட்டால் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். ஐந்து திருகாணிகளைக் கழற்றி, வேறொரு கேசட்டின் தகட்டைப் பிடுங்கி இதில் வைத்தேன். தலைமுடியைவிட மெல்லிய டேப், தும்மக்கூட பயம். தொய்ந்திருந்ததைப் பழையபடி பென்சிலை விட்டுச் சுற்றினேன். கைக்கு அது மறக்கவே இல்லை.

கேசட்டை ஓட்டுகிற டெக் கொண்டுவருவதாக நண்பர் சொல்லியிருக்கிறார், அடுத்த சனிதான்.

மார்ச் 5, செவ்வாய்

காத்திருக்கிற நேரத்தில், நாங்கள் வாசித்துப் பழகின ஷெட் ஞாபகம்.

சின்ன ஊரில் ராக் பேண்டு வைப்பதில் பெரிய சிக்கல், கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது. கேசட்டைக் கேட்டுக் கேட்டு, நிறுத்தி, ரீவைண்ட் பண்ணி, தப்பாகவே படித்தோம். சில கார்டுகளை, அதாவது சேர்த்து ஒலிக்கிற சுரக் கூட்டங்களை, நான் தப்பாகப் பிடிக்கிறேன் என்பது எனக்கு முப்பது வயதில்தான் தெரிந்தது.

கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் வாங்க வழியில்லை. ஒரு பழைய ரேடியோவின் பின்பக்கத் துளையில் கிட்டாரைச் சொருகினோம். வால்யூமை முழுக்கத் திருப்பினதும் அது கர்ர் என்று கிழிந்தது. கெட்டுப்போய்விட்டது என்று பயந்து அணைத்தோம். மறுபடி போட்டோம். நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். கேசட்டில் கேட்ட சத்தம் இதேதான்! ரேடியோவால் அதற்கு மேல் கொடுக்க முடியாதபோது ஒலியலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படுகிறது, வெட்டுப்பட்ட அலையில் புதிதாக மேல்சுரங்கள் முளைக்கின்றன. டிஸ்டார்ஷன் என்பது அவ்வளவுதான். அதில் முழு கார்டு வாசித்தால் கூழாகும், இரண்டு சுரம் மட்டும் வைக்கிற பவர் கார்டு கணீரென்று நிற்கும். இந்தக் காரணமெல்லாம் பிற்பாடு படித்தது. அன்றைக்கு இரண்டு விரல் போதும் என்பதே பெரிய நிம்மதி.

பிளாக் சபாத் ராக் பேண்டின் கிட்டார்காரர் டோனி அயோமி 17 வயதில் ஒரு தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர், பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி நுனி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தவர் என்று எங்கோ படித்தோம். எங்கள் பேஸ்காரன் நல்ல விரல்களிலேயே பேனா மூடியை மாட்டி ஒரு நாள் முழுக்க முயன்றான். இதற்கு மேல் அவனைப் பற்றி எழுதினால் சண்டைக்கு வருவான்.

டிரம்மருக்கு ஒரு ஸ்நேர் டிரம், ஒரு சிம்பல் தட்டு, மீதி பெயிண்ட் டின். அவன் மட்டும்தான் வீட்டிலும் தொடையில் தட்டித் தட்டிப் பழகினவன். இதை ஏன் கதையில் சொல்லாமலே விட்டிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

மார்ச் 9, சனி

கேட்டேன்.

முதலில் இரைச்சல், யாரோ இருமுகிறார்கள், பாடகன் கீபோர்டில் ‘ஈ’ சுரத்தை அமுக்குகிறான், நான் ஸ்ருதி சேர்க்கிறேன். பாட்டு ஆரம்பித்ததும் சிரித்துவிட்டேன், பாடகன் குரல் எலி மாதிரி. வேகமும் கண்டபடி. கதை உறுதியானதாக நினைத்தேன். நடுவில் எங்கேயோ டக் டக் என்று ஒரு சத்தம், ஒயர் ஆடியிருக்கும்.

மார்ச் 10, ஞாயிறு

இரவு தூக்கம் வரவில்லை. அந்தக் குரல் உறுத்தியது. கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தேன்.

கீபோர்டின் ‘ஈ’ 330 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். டேப்பில் 349, அதாவது அடுத்த சுரமான எஃப். காரணம் உடனே பிடிபட்டது. இருந்த ஒரே பிளக்கை ரேடியோவும் கீபோர்டும் பங்கு போட்டுக்கொண்டன, ரெக்கார்டர் பேட்டரியில் ஓடியது. பேட்டரி இறங்கி மோட்டார் மெதுவாகச் சுற்றிப் பதிந்ததை, நல்ல டெக் சரியான வேகத்தில் ஓட்டினால் எல்லாமே 6 சதவீதம் வேகமாக, உயரமாகக் கேட்கும்.

ஆக டிரம்மர் ஓட்டவே இல்லையா? அப்படியும் தப்பிக்க முடியாது. பாட்டின் ஆரம்பத்தில் 32 தாள அடிக்கு 15 விநாடி, முடிவில் 13.5. பேட்டரி போகப் போக இறங்கியிருந்தால் ஸ்ருதியும் கூடவே ஏறியிருக்கும். பாட்டு முடிந்து மறுபடி அமுக்கின ‘ஈ’யும் அதே 349. வேகம் நிஜமாகவே ஏறியிருக்கிறது.

எங்கே ஏறியது என்று தேடினேன். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் டிரம்ஸ் நின்று, நான் தனியாக நாலு பார், அதாவது 16 அடி, வாசிக்கிற இடம். அதுவரை 16 அடிக்கு 7.5 விநாடி. என் நாலு பார் 7 விநாடியில் முடிகிறது. டிரம்ஸ் திரும்ப வரும்போது என் வேகத்தில்தான் வருகிறது. அதற்கப்புறமும் ஒவ்வொரு பாரிலும் கிட்டார் ஒரு நூல் முன்னால்.

ஆறு தடவை அளந்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

இரண்டு நாள் தள்ளிப்போட்டு இன்று டிரம்மருக்குப் போன் பண்ணினேன்.

“டேய், மேடை கேசட் கிடைச்சிருக்கு.”

“நான் ஓட்டினேன்னு சொல்லுவியே, அதுவா?”

“நீ ஓட்டல. நான்தான்.”

“தெரியும்.”

“தெரியுமா? ஏண்டா இத்தனை வருஷமா சொல்லல?”

“அப்பவே சொன்னேனே. நீ தனியா வாசிக்கறப்ப குச்சியால ரேடியோ பெட்டியைத் தட்டிக் காட்டினேன். நீ திரும்பிப் பார்த்துச் சிரிச்ச, இன்னும் வேகமா போன.”

கேசட்டை அனுப்பச் சொன்னான். வேகத்தை 6 சதவீதம் குறைத்து அனுப்புகிறேன் என்றேன். அவன் மகளுக்குப் பரீட்சையாம், சத்தமில்லாமல் கேட்க வேண்டும் என்று வைத்துவிட்டான்.

குறைத்ததும் பாடகன் குரல் ஆளானது. அந்த நாலு பாரை மறுபடி ஓட்டினேன். ஒயர் என்று நினைத்த டக் டக் அங்கேதான் இருக்கிறது, நாலு தட்டு. என் கிட்டார் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. தட்டுக்குத் தட்டு இடைவெளியை அளந்தேன். நாங்கள் பாட்டை ஆரம்பித்த அதே வேகம்.