ஐப்பசியில் ஒரு ராலே

அக்டோபர் 19

குன்னூரில் மழை சற்று ஓய்ந்திருந்த மதியத்தில் பழைய ராலே சைக்கிளைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்து, ஹேண்டில்பாரில் தொடங்கிக் கடைசி மட்கார்டு கம்பி வரை கழற்றி முடித்தேன். பின் சக்கரத்தின் நடுவே மூன்று கியர்களையும் உள்ளடக்கிய ஹப்பில் ஏறியிருந்த கறுப்புப் பிசுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது முதலில் ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற தயாரிப்பாளர் பெயரும், பிறகு ஏ.டபிள்யூ என்ற மாதிரி எழுத்துகளும், அவற்றின் அருகே 54, 3 என்ற எண்களும் தெளிந்தன. 1954ஆம் ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் செய்யப்பட்ட ஹப் இது. ஹப்பின் வயதுதான் வண்டியின் வயது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. சக்கரத்தை யாராவது இடையில் மாற்றியிருக்கலாம். ஆனால் முன் சக்கரத்தில் 32 கம்பிகள், பின் சக்கரத்தில் 40 கம்பிகள் என்ற பழைய ஆங்கிலேயக் கணக்கு அப்படியே இருக்கிறது. இரண்டு ரிம்களிலும் ஒரே வயதுத் துரு. மாற்றியிருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

கோவையிலிருக்கும் அக்காவுக்கு ஹப் எண்ணைப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்ததற்கான அடையாளம் வந்தது, பதில் வரவில்லை.

அக்டோபர் 20

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். கோவையிலிருந்து தகவல் இல்லை.

அக்டோபர் 22

ஃபிரேமைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே ஆலோசனையைத்தான் சொல்கிறார்கள். பெயின்ட்டை முழுவதும் உரித்து, பவுடர் கோட்டிங் கொடுத்துவிட்டால் புது வண்டியாகிவிடுமாம். புது வண்டி வேண்டுமென்றால் கடையில் கிடைக்கிறது. இந்தக் கறுப்பு எனாமலின் மேல் மட்கார்டு ஓரமாக ஓடும் பொன்னிறக் கோட்டை நாட்டிங்காம் தொழிற்சாலையில் ஒருவர் தூரிகை பிடித்துக் கையால் இழுத்திருக்கிறார். கோடு வளைவில் சிறிது தடித்து, பிறகு மெலிந்து செல்வது கண்ணுக்கே தெரிகிறது. அதை உரித்துப் போட்டுவிட்டுப் பளபளப்பை வாங்கி வைத்துக்கொள்வதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. துரு மேலும் தின்னாமல் நிறுத்த வேண்டும், மிஞ்சியிருப்பதைக் காக்க வேண்டும், ஓடும் பாகங்களைச் சரியாக ஓடவைக்க வேண்டும். பழைய வண்டிக்கு மனிதர் செய்யத்தக்கது அவ்வளவுதான்.

துருவுக்கு ஆக்ஸாலிக் அமிலம் போதும். கையுறை அணிந்து, தூளை வெந்நீரில் கரைத்து, மட்கார்டு கம்பிகளையும் பிரேக் கம்பிகளையும் இரவு முழுவதும் ஊறவைத்தேன். துரு கரைந்து நீர் மஞ்சளானதே தவிர குரோமும் பெயின்ட்டும் அசையவில்லை. எடுத்தவுடன் சோடா மாவு கரைத்த நீரில் அலசித் துடைத்து எண்ணெய் பூசிவிட வேண்டும். இந்த ஊர் ஈரத்தில் அரை மணி நேரம் விட்டாலும் புதுத் துரு பூத்துவிடும்.

வந்தவர்களில் ஒருவர், இது மேற்கு வங்கத்து ஆசன்சோலில் செய்த சென் ராலேயாக இருக்கலாமே என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். நம் ஊரில் ஓடிய ராலேக்களில் பல அங்கிருந்து வந்தவை. இதன் தலைப் பட்டயத்தில் நாட்டிங்காம் என்று இருப்பதைக் காட்டினேன். சங்கிலிச் சக்கரத்திலுள்ள, ராலேயின் சின்னமான நாரைத் தலைகளை அவர் நெடுநேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 25

இன்று முழுவதும் ஹப்.

அதைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் செய்வதில்லை. வலப்புறத்தில் பால்ரஸ் ஓடும் வளையத்துக்கு இரட்டைப் புரி உண்டு. கழற்றிய பின் அது இரண்டு இடங்களில் எதில் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும். பழைய இடத்திலேயே பிடிக்காவிட்டால் சக்கரத்தின் நடு மாறிவிடும். ஆகவே வளையத்திலும் ஹப்பிலும் நேருக்கு நேராக ஒரு கோடு கீறிக்கொண்ட பிறகே உளிமுனையை வைத்துத் தட்டினேன். பல ஆண்டுகள் அசையாதிருந்த புரி முதலில் விடவில்லை. மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்து, மீண்டும் தட்டியபோது ஒரே விசையில் கழன்றது.

உள்ளே தேய்மானம் மிகக் குறைவு. நடுவில் 20 பற்கள் கொண்ட சூரியப் பல், அதைச் சுற்றி 20 பற்கள் கொண்ட நான்கு சிறு பல்சக்கரங்கள், வெளியே 60 பற்கள் கொண்ட வளையம். இருபதையும் அறுபதையும் வைத்துக் கணக்கிட்டால் மேல் கியரில் சக்கரம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகவும், கீழ் கியரில் நான்கில் ஒரு பங்கு குறைவாகவும் சுழலும் என்று தெரிந்துவிடுகிறது. இந்த ஏ.டபிள்யூ வடிவம் 1936இல் வந்தது. அதன் பிறகு அடிப்படையில் மாற்ற வேண்டிய தேவை நெடுங்காலம் எவருக்கும் ஏற்படவில்லை. திருத்த முடியாத அளவுக்கு முதலிலேயே சரியாகச் செய்யப்பட்ட பொருள்கள் உலகில் மிகச் சில.

மாற்ற வேண்டியிருந்தவை, ஒரு பக்கம் மட்டும் பற்றி மறுபக்கம் வழுக்கிவிடும் நான்கு கொக்கிகளின் சுருள்கம்பிகள் மட்டுமே. தலைமுடி அளவே இருக்கும் கம்பி. பக்கத்து வீட்டுப் பையனின் கண்கள் என் கண்களைவிடக் கூர்மையானவை என்பதால், விளக்கைப் பிடித்துக்கொண்டு ஊசி செருகும் துளையை அவன் சொல்ல, நான் கோத்தேன். கீழ் கியரில் சத்தம் வராது என்றும், மற்ற இரண்டிலும் டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும் என்றும் அவனுக்குச் சொன்னேன். ஏன் என்று கேட்டான். கீழ் கியரில் வளையத்தின் கொக்கிகள் மடக்கப்பட்டுவிடும், சுமையை இடப்புறக் கொக்கிகள் ஏற்றுக்கொள்ளும், தாண்டி ஓடுவதற்குக் கொக்கி எதுவும் மிஞ்சாது. கேட்டுவிட்டு, "அப்போ ஏத்தத்துல வண்டி பேசாது" என்றான். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 26

அக்கா பேசினாள். "வண்டி எழுந்துருச்சாடா?" என்பதுதான் முதல் கேள்வி. தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மாமா ஃபோனை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, சாப்பாடு இறங்கவில்லை என்றார்.

அக்டோபர் 30

பெடல்கள் சுழலும் அச்சைத் தாங்கும் கப்புக்கு ஊட்டியிலும் கோவையிலும் அலைந்து பயனில்லை என்பது முன்பே தெரிந்ததுதான். மற்றவர்களில் பலர் அந்த இடத்தில் அங்குலத்துக்கு 24 புரி வைத்தபோது, ராலே 26 புரி வைத்தது. கடையில் கிடைக்கும் கப்பை இதில் வைத்தால் முதல் இரண்டு சுற்று ஏறுவதுபோல் காட்டிவிட்டு இறுகிக்கொள்ளும்; அதற்கு மேல் திருகினால் ஃபிரேமின் புரியே போய்விடும். நல்ல வேளையாகப் பழைய கப்பில் குழி விழவில்லை. கால் அங்குல பால்ரஸ் புதிதாகப் போட்டு, கிரீஸ் அடைத்து, அதையே திரும்பப் பூட்டினேன்.

கிராங்கை அச்சோடு இறுக்கும் ஆப்பான காட்டர் பின் மட்டும் புதியது. அதன் சாய்ந்த முகத்தை அரத்தால் தேய்த்துத் தேய்த்து, அச்சின் வெட்டோடு முழு முகமும் படியும்வரை பார்த்தேன். இரண்டு பின்களும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும், ஒன்று மேலிருந்தும் மற்றது கீழிருந்தும் ஏற வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பெடல்களும் ஒரு கோட்டில் நிற்காமல் கால் ஒவ்வொரு சுற்றிலும் தடுமாறும். அடிக்கும்போது கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக்கொடுத்தேன். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி முழுவதும் பால்ரஸுக்குப் போய்ச் சேரும்.

பிரேக் இன்னும் பார்க்கவில்லை.

நவம்பர் 2

சீட், ப்ரூக்ஸ் நிறுவனத்தின் தோல் சீட். தோலில் வெண்பூஞ்சை மீண்டும் வந்திருக்கிறது. துடைத்து, நிழலில் உலர்த்தி, கோத்தகிரியில் வாங்கிய தேன்மெழுகை உருக்கி அடிப்பக்கத்தில் தடவினேன். குறும்பர்கள் பாறைகளில் இறங்கி எடுத்துவரும் மலைத்தேனின் அடை மெழுகு அது. வாசனை இரவு முழுவதும் வீட்டில் இருந்தது.

நவம்பர் 4

பல்லைப் பற்றிய கணக்கு. முன்னே 46 பல், பின்னே 18 பல், சக்கரம் 28 அங்குலம்; முன்பல்லைப் பின்பல்லால் வகுத்துச் சக்கர அளவால் பெருக்க வேண்டும், எண் குறையக் குறைய ஏற்றம் எளிது. நடுவிலுள்ள நேர் கியரில் 71 அங்குலத்துக்குச் சற்று மேல் வருகிறது. கீழ் கியரில் 54 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. சமவெளியில் இது அருமையான அமைப்பு. குன்னூரில் பெட்போர்டிலிருந்து சிம்ஸ் பூங்காவுக்கு ஏறுகிறவருக்கு இதனால் பயனில்லை, முழங்காலுக்குக் கேடு. பின்னால் 22 பல் போட்டால் நேர் கியர் 58.5, கீழ் கியர் 44. மேல் கியர் 78, அது இறக்கத்துக்குத் தேவைக்கு மேலேயே போதும். பல்சக்கரத்தை மாற்றுவது எளிது: கம்பி வளையத்தை நெம்பி எடுத்து, மூன்று காடிகளில் பழையதை உருவிப் புதியதைச் செருக வேண்டியதுதான். சங்கிலியில் மட்டும் கண்ணி கூட்ட வேண்டியிருந்தது. பழைய 18 பல்லைத் துணியில் சுற்றி, நாள் எழுதி, எடுத்து வைத்தேன். வண்டியோடு வந்த எதையும் வெளியே எறிவதில்லை.

மண் சரிந்து மலை ரயில் இன்றும் இல்லை.

நவம்பர் 6

அக்காவின் பரிசோதனை முடிவு வர இன்னும் ஒரு வாரமாம். சென்ற வாரமும் இதையே சொன்னார்கள். எடுத்த சதையை இத்தனை நாள் என்னதான் செய்கிறார்கள் என்று மாமாவிடம் குரலை உயர்த்திக் கேட்டுவிட்டேன். அவர் என்ன செய்வார்.

நவம்பர் 9

ஓடியது. காலையில் சாரல் இல்லாத நேரமாகப் பார்த்து வெளியே எடுத்தேன். கியர் கம்பியைச் சரிசெய்வதற்கு நேர் கியரில் வைத்து, வலப்புற நட்டின் துளை வழியாகப் பார்த்து, உள்ளிருக்கும் குச்சியின் முனை அச்சின் முனையோடு சமமாக நிற்கும்வரை திருகினேன். இதில் மட்டும் சலுகையே கூடாது. இந்த ஹப்பில் நேர் கியருக்கும் மேல் கியருக்கும் இடையே எதையும் பற்றாத ஒரு வெற்றிடம் உண்டு. கம்பி தளர்ந்திருந்தால், எழுந்து நின்று மிதிக்கும் நொடியில் பெடல் வெறுமையாகக் கீழே விழும், மிதிப்பவர் பாரின் மேல் விழுவார்.

சிம்ஸ் பூங்கா வரை சத்தமில்லாமல் ஏறினேன். வண்டி கனம்தான், ஆனால் முன் ஃபோர்க்கின் நீண்ட சாய்வு பள்ளங்களைத் தன்னுள் வாங்கிக்கொள்வதைக் கையில் உணர முடிந்தது. திரும்பி இறங்கும்போது பனிமூட்டம் வந்து மூடியது; ரிம் நனைந்தது. இரண்டு பிரேக்கையும் முழுவதும் பிடித்தும் வண்டி நிற்க விரும்பவில்லை. வளைவில் நின்றிருந்த பால் வண்டிக்கு முன்னால் செருப்புக் காலை ஊன்றித்தான் நிறுத்தினேன்.

நவம்பர் 11

இரவு தூக்கம் பிடிக்கவில்லை, பிரேக்கைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பி பிரேக்கில் கட்டைகள் ரிம்மின் பக்கவாட்டைப் பிடிப்பதில்லை. ஒரு கவட்டை அவற்றை மேலே இழுத்து ரிம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது. உலர்ந்த நாளில் நன்றாகவே பிடிக்கும். ஆனால் குரோம் பூசிய எஃகின் மேல் நீர் ஒரு படலமாக நின்றுவிட்டால் ரப்பர் அதன் மேல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்தப் படலம் துடைபடும்வரை வண்டி தன் போக்கில் செல்லும். இங்கிலாந்திலும் மழை பெய்கிறதே என்று கேட்கலாம். நாட்டிங்காம் இப்படிச் சரிவில் கட்டிய ஊர் அன்று. இந்த மலையில் ரயிலுக்கே, ஏறத்தாழ பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறும் சரிவில், தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் வைத்துத்தான் பிடித்து நிறுத்தினார்கள். 1899இலிருந்து அப்படித்தான் அது குன்னூருக்கு ஏறி இறங்குகிறது. ரயிலைக் கட்டியவர்கள் சரிவைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு யோசித்தார்கள். இந்த வண்டியைச் செய்தவர்கள் மேட்டுக்கு நல்ல விடை கண்டார்கள். ஈரமான இறக்கத்துக்கு அவர்கள் வைத்த விடை எனக்குப் போதவில்லை.

அலுமினிய ரிம் மாட்டிவிடலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அந்தக் கவட்டைக்கு ஏற்ற வடிவில் வேறு ரிம் வேண்டும், கம்பிகளை எல்லாம் பிரிக்க வேண்டும், பிறகு இது 1954ஆம் ஆண்டு வண்டியாகவும் இராது. தோல் முகம் வைத்த கட்டைகள் எஃகு ரிம்மை ஈரத்திலும் பிடிக்கும் என்பது தெரிந்த வழிதான். பேருந்து நிலையத்தருகே செருப்புத் தைப்பவரிடம் கட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரப்பரில் காடி வெட்டி, நெஞ்சுத் தோலாகத் தேர்ந்து பதித்து, பக்கவாட்டில் ஒரு தையலும் போட்டுத் தந்தார். எதற்கு என்று கேட்டார். சொன்னதும், பணம் வாங்க மறுத்து, நின்றதா என்று வந்து சொல்லச் சொன்னார்.

நவம்பர் 12

நின்றது. ஈரத்தில் சற்றுத் தாமதித்து, ஆனால் நின்றது. அவரிடம் போய்ச் சொன்னேன்.

நவம்பர் 14

அக்காதான் அழைத்தாள். வெலிங்டனில் மணிக் கணக்குக்கு வாடகை சைக்கிள் எடுத்துக் குரங்கு பெடல் போட்டதையும், எனக்குப் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவதாகச் சொல்லிவிட்டு அவள் பாதியிலேயே விட்டுவிட்டதையும் அவளே எடுத்துச் சொன்னாள். சொல்லச் சொல்ல மூச்சு வாங்கியது. "லேம்ஸ்ராக் வரைக்கும் ஒரு தடவை போயிட்டு வந்து சொல்லு" என்றாள்.

நவம்பர் 15

போனேன். வெயில் அடித்தது. காட்டுக்குள் சாலை நிழலாக இருந்த இடங்களில் மட்டும் ஈரம். அங்கெல்லாம் முன்கூட்டியே பிரேக்கை இலேசாகத் தொட்டு, ரிம்மைத் துடைத்துக்கொண்டே இறங்கினேன். தோல் இப்போது நன்றாகப் படிந்துவிட்டது. சமமான இடங்களில் ஹப்பின் டிக் டிக் ஒழுங்காகக் கேட்டது, ஒரு துடிப்பும் தவறவில்லை. பாறை முனையிலிருந்து கோவைச் சமவெளி வெளிறித் தெரிந்தது. அக்காவுக்கு அழைத்தேன், மணி அடித்து ஓய்ந்தது. திரும்பும் வழியில் இடது கிராங்க் ஒவ்வொரு சுற்றுக்கும் இலேசாகக் குதிப்பதுபோல் இருந்தது. புதுக் காட்டர் பின் சில மைல் ஓடியதும் அமர்ந்துகொள்ளும், நட்டை மீண்டும் இறுக்க வேண்டும்.

நவம்பர் 17

மாமா ஏழு மணிக்கு அழைத்தார். முடிவு வந்துவிட்டதாம். நாளை மருத்துவர் பேசும்போது நானும் இருக்க வேண்டும் என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் பேருந்தில் இறங்குகிறேன். எத்தனை நாள் ஆகுமோ தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவியைக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஹப்பின் மூடியைத் திறந்து தையல் மிஷின் எண்ணெய் சில துளிகள் விட வேண்டும், சமையல் எண்ணெய் எந்த நிலையிலும் கூடாது, சீட்டில் பூஞ்சை தெரிந்தால் உலர்ந்த துணியால் மட்டும் துடைக்க வேண்டும். இடது காட்டர் பின் நட்டை இறுக்கிவிட்டேன். அவன் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டான். மழை இல்லாத நாளில், சிம்ஸ் பூங்கா வரை மட்டும், இறங்கும்போது