ஒரு வார்த்தை ரெண்டு தடவ

ஞாயித்துக்கிழமை லைவ்ல கெஸ்ட் ஜூம்ல பேசிட்டிருக்கார், எனக்கு நல்லா கேக்குது, சாட்ல மட்டும் ஒரே கூப்பாடு, "அண்ணே எல்லாமே ரெண்டு ரெண்டா கேக்குது"ன்னு. தப்பு என்னோடதுதான். ஜூம் ஸ்பீக்கர, ஒரு ஆப்போட சத்தத்த இன்னொரு ஆப்புக்குக் கொண்டுபோற விபி-கேபிள்ங்கற சாஃப்ட்வேரோட 'கேபிள் இன்புட்'ல வெச்சு (பேரு தலைகீழா தெரியும், கேபிளுக்கு உள்ள போறதால இன்புட்டாம்), லைவ் அனுப்புற சாஃப்ட்வேரான ஓபிஎஸ்ல 'கேபிள் அவுட்புட்'ட மைக் மாதிரி சேத்து, எனக்கும் கேக்கணுமேன்னு 'மானிட்டர் அண்ட் அவுட்புட்' (நமக்கும் கேக்கும், லைவ்லயும் போகும்) போட்டேனா, ஹெட்போனுக்குப் போன அந்த சத்தத்த, கம்ப்யூட்டர்ல கேக்குற எல்லாத்தையும் புடிக்கிற ஓபிஎஸ்ஸோட 'டெஸ்க்டாப் ஆடியோ' மறுபடி புடிச்சு அனுப்பிருச்சு. அத மியூட் பண்ணதும் கப்சிப்.

விண்டோஸ்ல ஓபிஎஸ் 28லேர்ந்து 'அப்ளிகேஷன் ஆடியோ கேப்சர்' இருக்கு, ஜூம மட்டும் தனியா புடிச்சிக்கலாம், இதுக்கு கேபிளே வேணாம். ஆனா ஓபிஎஸ்ல ஓடுற வீடியோ சத்தம் கெஸ்ட்டுக்கும் போகணும்னா நான் இன்னும் கேபிளத்தான் நம்பிட்டிருக்கேன்.