புதுசா ஆட வந்த நாலு பேரும் ஒரு பழைய குகையும்: கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ் ஓட்டிப் பார்த்தது

தம்பியும் அவன் ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரும் சித்தி பொண்ணும் ரொம்ப நாளா டேபிள்டாப் ஆர்பிஜி (மேஜைய சுத்தி உக்காந்து, ஆளுக்கொரு கற்பனை ஆளா பேசி டைஸ் உருட்டி ஆடுற கதை விளையாட்டு) ஆடிப் பாக்கணும்னு கேட்டுட்டே இருந்தாங்க. நாலு பேருக்குமே இதுதான் முதல் தடவ. இப்போ வர்ற பெரிய கேம்பெயின் புக்லாம் எடுத்தா டிஎம் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்த ஓட்டுறவர்) படிக்க வேண்டியதே இருநூறு பக்கத்துக்கு மேல போகும், ஆடுறவங்களும் அந்த உலகத்தோட ராஜா யாரு சாமி யாருன்னு கொஞ்சமாவது தெரிஞ்சுக்கிட்டு வரணும். எனக்கு அதுல இஷ்டம் இல்ல. அதனால டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆர்பிஜிய உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான கேரி கைகாக்ஸ் எழுதின கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ எடுத்தேன், பி2 மாட்யூல்னு சொல்வாங்க, மாட்யூல்னா அப்படியே எடுத்து ஓட்டுற ரெடிமேட் அட்வென்ச்சர் புக். 1980 வாக்குல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக் செட் பெட்டிக்குள்ளயே போட்டுக் குடுத்த சின்ன புக். இத்தன வருஷம் ஆகியும் மவுசு குறையல, 2025ல வந்த புது ஸ்டார்டர் செட் கூட இதே எல்லைக் கோட்டையத்தான் திரும்ப எடுத்துருக்கு.

ரூல்ஸுக்கு ஓல்ட் ஸ்கூல் எஸென்ஷியல்ஸ்ங்கற ரூல் புக். 1981ல டாம் மோல்ட்வே எடிட் பண்ணி வந்த பேசிக் ரூல்ஸையே தெளிவா அடுக்கி எழுதினது, அதோட பேசிக் பிடிஎஃப் இலவசமாவே கிடைக்குது.

கேரக்டர் போடுறது

மூணு ஆறுமுக டைஸ், ஸ்ட்ரெங்த் மாதிரி ஆறு குணத்துக்கு வரிசையா ஆறு தடவ உருட்டு, வந்தத அப்படியே எழுது, வரிசைய மாத்த முடியாது. தம்பிக்கு ஸ்ட்ரெங்த் 9 தான் வந்துச்சு, ஆனாலும் ஃபைட்டர்தான் வேணும்னு நின்னான். சித்தி பொண்ணு மேஜிக் யூஸர், ஹிட் பாயின்ட் (எவ்ளோ அடி தாங்கும்ங்கற கணக்கு) ரெண்டே ரெண்டு, ஒரு நாளைக்கு ஒரு மந்திரம், எதிரிகள தூங்க வைக்கிற ஸ்லீப். மத்த ரெண்டு பேர் ஒரு தீஃப், ஒரு ட்வார்ஃப் (குள்ளர் இனத்து வீரர்). காபி ஆறுறதுக்குள்ள நாலு ஷீட்டும் ரெடி. உன் கேரக்டரோட பின்கதை என்னன்னு நான் யார்கிட்டயும் கேக்கல, அது ஆட ஆட வரும்னு எனக்கு நம்பிக்கை இருந்துச்சு. நேரம் போனது கடைல சாமான் வாங்குறதுக்குத்தான். டார்ச் எத்தன வாங்கலாம், கயிறு வேணுமா, பத்தடி கம்பு எதுக்குன்னு அவங்களுக்குள்ளயே பேசிக்கிட்டாங்க, கம்பு எதுக்குன்னு நானா சொல்லல.

முதல் செஷன்

கோட்டை வாசல்ல காவலாளி பேரு என்ன, என்ன வேலையா வந்தீங்கன்னு கேக்குறான். இந்த மாட்யூல்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதான். ஆட வந்தவங்க வாயத் தொறந்து அந்த ஆளா பேச வேண்டிய முதல் நிமிஷம், கேள்வி அவ்ளோ சாதாரணமா இருக்கறதால கூச்சமே வரல. உள்ள போனா கொல்லன் பட்டறை, சாமான் கடை, சத்திரம், மதுக்கடை, பேங்க், கோயில். கோட்டைல இருக்கற யாருக்கும் புக்ல பேரே கிடையாது, எல்லாம் பதவிப் பேருதான், அதனால பேரும் குணமும் நாமளே வச்சுக்கலாம். சில பேர் இத குறைன்னு சொல்வாங்க. ஒரு டிஎம்முக்கு கைல இருக்கற பெரிய சுதந்திரமே இதான்னு நான் சொல்வேன்.

மதுக்கடைல வதந்தி டேபிள் உருட்டினேன், டைஸ்ல வர்ற எண்ணுக்கு ஒரு வதந்தி. அந்த டேபிள்ல சிலது உண்மை, சிலது பச்சைப் பொய், எது எதுன்னு டிஎம்முக்கு மட்டும்தான் தெரியும். தீஃபுக்கு வந்தது, காப்ளின்ங்கற குட்டி அரக்கனுங்க பாஷைல "ப்ரீ யார்க்"னு கத்துனா சரணடையுறோம்னு அர்த்தம்ங்கறது. எழுதி வச்சுக்கிட்டார்.

அப்புறம் கேவ்ஸ் ஆஃப் கேயாஸ். ஒரு பள்ளத்தாக்கு, ரெண்டு பக்கச் சரிவுலயும் குகை வாய்கள், உள்ள பதினோரு இடம், ஏல இருந்து கே வரைக்கும் எழுத்துப் போட்டுருக்கும். கொபோல்ட், ஓர்க், காப்ளின், ஹாப்காப்ளின், நோல், மினோடார்னு அரக்க இனம் ஆளாளுக்கு ஒரு குகை. இவ்ளோ கூட்டம் இவ்ளோ பக்கத்துல எப்படி வாழும்னு கேட்டா பதில் இல்ல. ஆனா மேப்ப விரிச்சு, சரிவுல கருப்பு கருப்பா வாய் தெரியுது, எதுல போறீங்கன்னு கேட்டப்போ நாலு பேரும் ஒரே நேரத்துல பேசுனாங்க பாருங்க, அதுக்கு மேல எனக்கு எந்தக் காரணமும் வேண்டியிருக்கல.

முதல்ல கொபோல்ட் குகை. வாசல் தாண்டி கொஞ்ச தூரத்துல மூடி போட்ட பத்தடிப் பள்ளம் இருக்கும், முன்னாடி போறவங்க கம்பால தட்டிப் பாக்கலன்னா ஆறுல மூணு சான்ஸ் விழுந்துருவாங்க. ட்வார்ஃப் விழுந்தார், மூடி மேல தானா சாத்திக்கிச்சு, சத்தம் கேட்டு உள்ள இருந்து காவல் கொபோல்ட் எல்லாம் ஓடி வருது. கேரக்டர் ஷீட்ட பாத்துட்டு "இங்க எந்த ஸ்கில்ல யூஸ் பண்ணணும்ணா?"ன்னு சித்தி பொண்ணு கேட்டா. அதெல்லாம் ஷீட்ல இல்ல, நீ அங்க நிக்குற, என்ன செய்வேன்னு மட்டும் சொல்லுன்னேன். ஒரு நிமிஷம் யோசிச்சு, "அப்போ ஸ்லீப் போடுறேன்ணா, அதுக்குள்ள இவங்க மூடிய தூக்கட்டும்"ன்னா. ரெண்டு எட்டுமுக டைஸ் உருட்டி அத்தன பேரும் சுருண்டாங்க. அதுக்கப்புறம் கம்பால தட்டாம யாரும் ஒரு அடி வைக்கல. பழைய எளிய அட்வென்ச்சர் புதுசா வர்றவங்களுக்கு ஏன் ஒத்து வருதுன்னா என் கணக்குல இதான் காரணம், ஆட்டத்த ஆடத் தெரிய ரூல் தெரிய வேண்டியதில்ல, கண்ணு முன்னாடி இருக்கற இடம் புரிஞ்சா போதும், பள்ளம்னா எல்லாருக்கும் புரியும்.

காப்ளின் குகை

கைல கொஞ்சம் காசு சேர்ந்ததும் அதே நாள் காப்ளின் குகைக்கும் போனாங்க. காவல் காப்ளின்கள் இவங்களப் பாத்ததும் "ப்ரீ யார்க்!"னு கத்துது. தீஃபுக்கு ஒரே சந்தோஷம், "சரண்டர் ப்ரோ, கத்திய இறக்குங்க"ன்னார். இறக்கினாங்க. அந்த கேப்ல ஒரு காப்ளின் சுவத்துல இருந்த ரகசியக் கதவு வழியா 250 தங்கக் காசு மூட்டைய பக்கத்துக் குகைக்குள்ள எறியுது, அங்க இருந்து ஓகர்ங்கற பெரிய ராட்சசன் வருது, ஏன்னா அந்த ஓகர் கூலிக்கு சண்ட போடுற ஆளு. மாட்யூல்ல இதுக்கு சில வரிதான் எழுதியிருக்கும். அந்த சில வரியும் மதுக்கடைல கேட்ட பொய்யும் ஒண்ணு மேல ஒண்ணு வந்து விழுந்தப்போ மேஜைய சுத்தி எழுந்த சத்தத்த நான் எழுதிக் காட்ட முடியாது.

ஸ்லீப் ஏற்கெனவே செலவாயிடுச்சு. ஓடுறத தவிர வழியில்ல. தொரத்துறவங்களுக்கு காச விரும்புற புத்தி இருந்தா, ஓடும்போது பொக்கிஷத்த கீழ போட்டா ஆறுல மூணு சான்ஸ் நின்னு பொறுக்குவாங்கன்னு ரூல் இருக்கு. அத நான் சொல்றதுக்கு முன்னாடியே தம்பி "டேய் காச எறிங்கடா"ன்னான்! கொபோல்ட் கிட்ட எடுத்தது மொத்தமும் போச்சு, உயிர் தப்பிச்சாங்க. இந்த ரூல்ஸ்ல கொண்டு வந்து சேர்க்குற ஒரு தங்கக் காசுக்கு ஒரு எக்ஸ்பீரியன்ஸ் பாயின்ட் (இது சேர்ந்தாதான் லெவல் ஏறும்), அரக்கன கொன்னா கிடைக்கிறது சொற்பம். அதனால எறிஞ்சது வெறும் காசு இல்ல, அவங்க லெவல். ஃபைட்டருக்கு ரெண்டாவது லெவலே 2,000 பாயின்ட்ல தான். அது தெரிஞ்சும் எறிஞ்சாங்க.

அடுத்த தடவ முதல்ல சண்டைக்குப் போகல, நேரா ஓகர் குகை. "காப்ளின் குடுக்குறத விட நாங்க அதிகம் தர்றோம்னு சொன்னா கேக்குமாண்ணா?"ன்னு சித்தி பொண்ணு கேட்டா. ரியாக்ஷன் ரோல் (எதிர்ல இருக்கறது எப்படி நடந்துக்கும்னு பாக்குறது), ரெண்டு டைஸ், 9 வந்துச்சு, கேக்கும். இந்த ஓகர ஓர்க்கும் நோலும் கூட அப்பப்போ காசு குடுத்து இழுத்துருக்காங்கன்னு புக்லயே இருக்கறதால எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கல. பேங்க்ல கடன் வாங்கி, பாதி முன்பணம், மீதி வேலை முடிஞ்சதும்னு பேசி முடிச்சாங்க. பேச்சு முறிஞ்சா இருக்கட்டும்னு சித்தி பொண்ணு ஸ்லீப்ப கடைசி வரைக்கும் செலவு பண்ணாம வச்சிருந்தா, ஒத்த ஓகர் மேல அது பலிக்கும்னு ரூல்ஸ படிச்சுட்டே வந்துருக்கா. அப்புறம் திரும்ப காப்ளின் குகைக்குப் போனாங்க. காப்ளின் மூட்டைய எறிஞ்சப்போ ஓகர் மூட்டைய வாங்கிட்டு அசையாம உக்காந்திருந்துச்சு.

ஒண்ண நான் மாத்தினேன். அந்தக் குகைகள்ல சண்ட போடாத பெண்களும் குட்டிகளும் இருக்காங்கன்னு எண்ணிக்கையோட எழுதியிருக்கும், அவங்கள என்ன பண்றதுன்னு புக் எதுவும் சொல்லாது. அவங்கள பேசத் தெரிஞ்ச ஊர்க்காரங்களா வச்சேன். தலைவன் விழுந்ததும் மிச்ச காப்ளின்கள் மொரேல் ரோல்ல (தைரியம் நிக்குதான்னு பாக்குறது) தோத்துப் போய் பேச்சுவார்த்தைக்கு வந்தாங்க, இப்போ ஹாப்காப்ளின் நடமாட்டத்த பத்தி தகவல் குடுக்குறதே அவங்கதான். குகைக் கூட்டங்கள ஒண்ணோட ஒண்ணு மோத விடலாம்னு கைகாக்ஸும் ஒரு குறிப்பு வச்சிருக்கார், இவங்க அதப் படிக்காமலே அந்த இடத்துக்கு வந்து நிக்கிறாங்க.

இப்போ எங்க இருக்கோம்

தீஃப் ரெண்டாவது லெவலுக்குப் பக்கத்துல. கோட்டைல இருக்கற சிரிச்ச முகமான பாதிரியார் ஒருத்தர் கூட வர்றேன்னு சொல்லியிருக்கார், சேர்த்துக்கிட்டாங்க, அவரப் பத்தி மாட்யூல படிச்சவங்களுக்குத் தெரியும், இங்க சொல்லல.

காட்டு மேப்ல கேவ் ஆஃப் த அன்நோன்னு ஒரு இடத்த கைகாக்ஸ் வேணும்னே காலியா விட்டுருக்கார், புது டிஎம் தானே வரைஞ்சு நிரப்பிக்கட்டும்னு. அத தம்பி கேட்டு வாங்கிட்டான், அடுத்த மாசம் அவன் ஓட்டுறான், நான் ஆடுறேன். க்ராஃப் பேப்பர்ல அறை வரைஞ்சுட்டு இருக்கான். மோல்ட்வேயோட டேபிள்படி ஒவ்வொரு அறைக்கும் ஒரு டைஸ் உருட்டச் சொன்னேன்: 1, 2 வந்தா அரக்கன், 3 பொறி, 4 ஏதாவது விசேஷம், 5, 6 காலி அறை. காலி அறை எதுக்கு இவ்ளோன்னு கேட்டான், ரெண்ட வச்சு ஓட்டிப் பாருன்னு சொல்லியிருக்கேன். எனக்கு கேரக்டர் இன்னும் போடல, வரிசையா உருட்டி என்ன வருதோ அதான்.